டெஸ்டுக்கான குட்டி ஹெல்ப்பர் ப்ரோகிராம்களை எங்கே, எப்போது கம்பைல் செய்வது?

#1 தறிநூல்

வணக்கம். கோலாங்கில் (கோ மொழியில்) ஒரு ப்ராசஸ் மேனேஜர் எழுதிக்கொண்டிருக்கிறேன். கான்ஃபிக்கில் உள்ள ப்ரோகிராம்களை ஓட்டும், செத்தால் மறுபடி கிளப்பும், நிறுத்தச் சொன்னால் முதலில் சிக்டெர்ம் (நின்றுவிடு என்று கேட்கும் சிக்னல்) அனுப்பும், 10 நொடிக்குள் போகவில்லையென்றால் சிக்கில் (மறுக்க முடியாத கொலைச் சிக்னல்). அவ்வளவுதான்.

இதை டெஸ்ட் செய்ய வேண்டுமென்றே முரண்டு பிடிக்கும் ப்ராசஸ்கள் தேவைப்படுகின்றன. சிக்டெர்மைக் கண்டுகொள்ளாத ஒன்று, எக்ஸிட் கோட் 3 கொடுத்துவிட்டு உடனே சாகும் ஒன்று, எஸ்டிடி-எரரில் (எரர் செய்திகள் போகும் வழி) நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருக்கும் ஒன்று. இதுவரை ஷெல்லை வைத்து ஓட்டிவிட்டேன். "ஸ்லீப் 100, எக்கோ முடிந்தது" என்பது மாதிரி ஒரு வரியை ஷெல்லிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் நிறுத்தும் டெஸ்ட் மட்டும் 100 நொடி தொங்கிவிட்டுத்தான் முடிகிறது. சிக்டெர்ம் போனதுமே ஷெல் செத்துவிடுவது லாக்கில் தெரிகிறது, ஆனாலும் ப்ராசஸ் முடியக் காத்திருக்கும் வெயிட் ஃபங்ஷன் திரும்பி வருவதில்லை.

டீமில் ஒருவர், ஷெல்லை விட்டுவிடு, மூன்று குட்டி ப்ரோகிராம் எழுதி ஒவ்வொரு டெஸ்டின் ஆரம்பத்திலும் "கோ பில்ட்" போட்டுக்கொள் என்கிறார். டெஸ்டுக்குள்ளிருந்து கம்பைலரைக் கூப்பிடுவது சரியான வழியா? சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானாக டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும்.

#2 கொடிக்கால்

முதலில் அந்த 100 நொடிக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹெல்ப்பர் ஏன் வேண்டும் என்பதே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் கிளப்புவது ஷெல்லை. ஸ்லீப்பைக் கிளப்புவது ஷெல். சிக்டெர்ம் ஷெல்லுக்கு மட்டும் போகிறது, அது செத்துவிடுகிறது. ஸ்லீப் அனாதையாக ஓடிக்கொண்டே இருக்கிறது, கையில் எஸ்டிடி-அவுட் பைப்பின் எழுதும் முனையையும் பிடித்துக்கொண்டு. உங்கள் டெஸ்டில் அவுட்புட்டை ஒரு பஃபரில் சேர்த்திருப்பீர்கள். அப்படிச் சேர்த்தால் கோலாங் உள்ளுக்குள் ஒரு பைப் போட்டு, அது மூடும்வரை படித்துக்கொண்டே இருக்கும். வெயிட் காத்திருப்பது ப்ராசஸ் சாவதற்கு மட்டும் இல்லை, அந்தப் பைப் மூடுவதற்கும் சேர்த்து. ஸ்லீப் போகும்வரை பைப் மூடாது. இதற்காகவே 2023-இல் வந்த 1.20 பதிப்பில் "வெயிட் டிலே" என்ற ஃபீல்டை (பைப் மூடாவிட்டாலும் எவ்வளவு நேரத்தில் வெயிட் கைவிடலாம் என்று சொல்வது) சேர்த்தார்கள். உங்கள் மேனேஜருக்கே அது வேண்டியிருக்கும், பாருங்கள். இதே நிலைமை நிஜத்திலும் வரும்.

டெஸ்டைப் பொறுத்தவரை, நடுவில் ஷெல் இருக்கும்வரை யாருக்குச் சிக்னல் போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. ஹெல்ப்பர் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

ஆனால் அதற்காகத் தனியாகக் கம்பைல் செய்யத் தேவையில்லை. கம்பைல் ஆன ஒரு பைனரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே, டெஸ்ட் பைனரி, அதையே ஹெல்ப்பராகவும் கிளப்புங்கள். கோலாங்கின் சொந்த எக்ஸெக் பேக்கேஜின் டெஸ்டுகள் பல வருடமாக இப்படித்தான் ஓடுகின்றன. டெஸ்டுகளுக்கு முன்னால் ஓடும் டெஸ்ட்மெயின் ஃபங்ஷனின் முதல் வேலையாக ஒரு என்விரான்மென்ட் வேரியபிளைப் பாருங்கள். அது இருந்தால் இந்த ஓட்டம் ஹெல்ப்பருக்கானது: வேரியபிளின் மதிப்பை வைத்து எந்த முரண்டு என்று தேர்ந்தெடுத்து, செய்து, அங்கேயே எக்ஸிட். இல்லையென்றால் வழக்கம்போல டெஸ்டுகள். பாதைக்கு "ஓஎஸ் டாட் எக்ஸிக்யூட்டபிள்" போதும். விண்டோஸில் டாட் இஎக்ஸ்இ ஒட்டுவது, ஆர்க்கிடெக்சர் பொருந்துவது எதையும் நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. கம்பைலரே இல்லாத மெஷினுக்கு டெஸ்ட் பைனரியை மட்டும் கொண்டுபோனாலும் ஓடும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஹெல்ப்பர் வேறு எதையாவது கிளப்பினால் அந்த வேரியபிளை அழித்துவிட்டுக் கிளப்பட்டும். இல்லாவிட்டால், கிளப்பியதும் அதே டெஸ்ட் பைனரி என்றால், பேரப்பிள்ளை ப்ராசஸும் ஹெல்ப்பராக மாறி, அதுவும் கிளப்பி, மெஷின் மூச்சுத் திணறும்.

#3 மணல்மேடு

கொடிக்கால் சொன்னது பாதிக் கேஸ்களுக்குச் சரி. எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டெஸ்ட் பைனரி குட்டி இல்லை. டெஸ்ட்மெயினுக்கு வருவதற்கு முன்பே இம்போர்ட் ஆன எல்லாப் பேக்கேஜின் இனிட்டும் (ஆரம்ப வேலைகள்) ஓடிவிடும். ரேஸ் டிடெக்டர் (த்ரெட்டுகள் ஒரே டேட்டாவில் மோதுவதைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்டு ஓட்டினால் ஹெல்ப்பரும் அதே கவசத்தோடுதான் கிளம்பும். மெமரி 5 முதல் 10 மடங்கு, நேரம் 2 முதல் 20 மடங்கு கூடும் என்று கோலாங் டாக்குமென்டேஷனே சொல்கிறது. "இத்தனை மில்லிசெகண்டுக்குள் செத்தால் க்ராஷ் லூப்" மாதிரி ஒரு விதி மேனேஜரில் இருந்தால் அந்த டெஸ்ட் தள்ளாட ஆரம்பிக்கும்.

இன்னொன்று, உங்கள் மேனேஜர் நிஜத்தில் ஓட்டப்போவது கோலாங் ப்ரோகிராம்களை மட்டுமா? கோலாங் ரன்டைம் சிக்னல்களைத் தன் வழியில் கையாளும். உடைந்த பைப்பில் எழுதினால் சாதாரண சி ப்ரோகிராம் சிக்பைப்பில் சாகும். கோலாங் ப்ரோகிராம் எஸ்டிடி-அவுட்டிலோ எஸ்டிடி-எரரிலோ எழுதினால்தான் சாகும், வேறு டிஸ்க்ரிப்டர் (திறந்த ஃபைல் அல்லது பைப்பைக் குறிக்கும் எண்) என்றால் எரர் மட்டும் திரும்ப வரும். கோலாங் ஹெல்ப்பரை மட்டும் வைத்து டெஸ்ட் செய்தால் சி உலகத்தின் நடத்தையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். 20 வரி சி ப்ரோகிராம் ஒன்று இங்கே கட்டாயம் வேண்டும்.

கம்பைல் ஆவதே டெஸ்டின் உயிராக இருக்கும் இடங்களும் உண்டு. ஜிடிபி டீபக்கரின் டெஸ்ட் சூட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான டெஸ்ட் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி சி ஃபைல். டெஸ்ட் ஆரம்பிக்கும்போது கம்பைல் செய்து, அதைத்தான் டீபக் செய்கிறது. கோலாங்கின் டெல்வ் டீபக்கரும் ஃபிக்ஸ்சர்ஸ் ஃபோல்டரில் உள்ள ப்ரோகிராம்களை டெஸ்டுக்குள்ளேயே பில்ட் செய்து, ஒரே ஃப்ளாகுகளோடு மறுபடி கேட்டால் ஏற்கெனவே செய்ததையே கொடுக்கும். ஆப்டிமைசேஷன் போட்டும் போடாமலும் இரண்டும் வேண்டும் என்றால் வேறு வழி இல்லை.

#4 தறிநூல்

நன்றி அண்ணா, இருவருக்கும். வெயிட் விஷயம் இப்போது தெளிவு.

சி ஹெல்ப்பரும் வேண்டும்போல் இருக்கிறது, எங்கள் கஸ்டமர்கள் ஓட்டுவதில் பாதி சி++. ஒரு சந்தேகம். கோலாங் ஹெல்ப்பர்களுக்கு "கோ ரன்" போட்டுவிட்டால் கம்பைல், பைனரி பாதை எதையும் யோசிக்க வேண்டாமே?

#5 கொடிக்கால்

வேண்டவே வேண்டாம். "கோ ரன்" பைனரியைத் தன் குழந்தையாக ஓட்டும். உங்கள் ஹெல்ப்பர் 3 கொடுத்துச் செத்தால் "எக்ஸிட் ஸ்டேட்டஸ் 3" என்று எஸ்டிடி-எரரில் எழுதிவிட்டு, கோ கமாண்ட் தான் 1 கொடுத்துச் சாகும். நீங்கள் பார்க்க நினைத்த 3 உங்களுக்கு வந்து சேராது. சிக்கில் அனுப்பினால் சாவது கோ கமாண்ட், ஹெல்ப்பர் பிழைத்து நிற்கும். ஷெல்லில் பட்ட அதே சிக்கல்தான்.

மணல்மேடு சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் சி ஹெல்ப்பர் வேண்டும் என்பது ஒரு விஷயம், அதை டெஸ்டுக்குள் கம்பைல் செய்ய வேண்டும் என்பது வேறு விஷயம். டெஸ்ட் ஓடும்போது கம்பைல் செய்தால், கம்பைல் எரர் டெஸ்ட் ஃபெயிலாகத் தெரியும். டைம்அவுட்டில் கம்பைல் நேரமும் சேரும். யாராவது ஒரு நாள் "கம்பைலர் இல்லையென்றால் ஸ்கிப்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். சிஐ இமேஜ் மாறி ஜிசிசி கம்பைலர் காணாமல்போன அன்றிலிருந்து அந்த டெஸ்ட் ஓடவே ஓடாது, பில்ட் பச்சையாகவே இருக்கும். ஃபெயில் ஆகும் டெஸ்டைவிட எனக்கு அதுதான் பயம். ஸ்கிப் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சிஐ-யில் ஒரு வேரியபிள் வைத்து, அது இருந்தால் ஸ்கிப்புக்குப் பதில் ஃபெயில் ஆகட்டும்.

#6 ஏரிக்கரை

சி பக்கத்தில் இதற்கு ரொம்ப காலமாகவே வழி இருக்கிறது, அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

ஆட்டோமேக் என்ற பில்ட் கருவியில் "செக் ப்ரோக்ராம்ஸ்" என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் போட்ட ப்ரோகிராம் சாதாரண மேக்கில் பில்ட் ஆகாது, இன்ஸ்டாலும் ஆகாது. "மேக் செக்" என்றால் மட்டும் பில்ட் ஆகும். ஹெல்ப்பருக்கு என்ன வேண்டுமோ அது அப்படியே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் செல்ஃப்டெஸ்ட் ஃபோல்டரிலும் இந்தப் பிரிவினை உண்டு: பில்ட் ஆகி டெஸ்டாக ஓடுபவை ஒரு பட்டியல், பில்ட் மட்டும் ஆகி மற்ற டெஸ்டுகள் கூப்பிடக் காத்திருப்பவை "எக்ஸ்டெண்டட்" என்று முடியும் இன்னொரு பட்டியல்.

சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்வார்கள். "மேக் டெஸ்ட்" எதையும் பில்ட் செய்யாது, இருப்பதை ஓட்டும். நீங்கள் ஹெல்ப்பரின் சோர்ஸை மாற்றிவிட்டு டெஸ்ட் ஓட்டினால் பழைய ஹெல்ப்பரோடுதான் ஓடும், டெஸ்டும் பாஸ் ஆகும். 3.7 பதிப்பிலிருந்து ஃபிக்ஸ்சர் வசதி உண்டு. ஹெல்ப்பரை பில்ட் செய்வதையே ஒரு செட்டப் டெஸ்டாக எழுதி, மற்ற டெஸ்டுகளை அதைச் சார்ந்ததாக அறிவித்துவிடுங்கள். செட்டப் விழுந்தால் மற்றவை ஓடாது, ஓடவில்லை என்றும் ரிப்போர்ட்டில் வரும். மெசானில் டெஸ்ட் கமாண்ட் தானே பில்ட் செய்துவிட்டு ஓடுவதால் இந்தத் தலைவலி குறைவு.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. ஹெல்ப்பருக்கு ஒரு பைனரி என்று பெருக்காதீர்கள். கிட் ப்ராஜெக்டில் முன்பு டெஸ்டுக்கென்று டஜன்கணக்கில் தனித்தனி ப்ரோகிராம்கள் இருந்தன, ஒவ்வொன்றும் கிட்டின் பொது லைப்ரரியான லிப்கிட்டை முழுசாகத் தன்னுள் லிங்க் செய்துகொண்டு. 2018-இல் அதில் பெரும்பாலானவற்றை "டெஸ்ட்-டூல்" என்ற ஒரே பைனரிக்குள் துணைக் கமாண்டுகளாகச் சேர்த்தார்கள். டிஸ்கும் மிச்சம், லிங்க் நேரமும் மிச்சம். தறிநூல், உங்கள் மூன்றையும் ஒரே ப்ரோகிராமாக எழுதி, முதல் ஆர்க்யுமென்டில் எந்த முரண்டு என்று சொல்லிவிடுங்கள்.

#7 பனங்காடு

ரஸ்டில் யாராவது தேடி வந்தால்: 1.43-இலிருந்து இன்டக்ரேஷன் டெஸ்டுகளுக்கு அதே பேக்கேஜின் பைனரி பாதையை ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோ ஒரு வேரியபிளில் கொடுக்கிறது, பில்டும் முன்கூட்டியே ஆகிவிடும். ஹெல்ப்பரையும் அதே பேக்கேஜில் வைத்தால் "கார்கோ இன்ஸ்டால்" செய்பவர்களுக்கு அதுவும் போய்ச் சேரும், அதனால் நான் அப்படி வைப்பதில்லை. வொர்க்ஸ்பேஸில் தனி மெம்பர், பப்ளிஷ் ஃபால்ஸ்.

இன்னொரு கேள்வி எல்லோருக்கும். ஹெல்ப்பர் வருடக்கணக்கில் மாறவே மாறாது என்றால், ஒருமுறை கம்பைல் செய்த பைனரியையே ரெப்போவில் போட்டுவிட்டால் என்ன?

#8 மணல்மேடு

போடாதீர்கள். எம்1 மேக் வாங்கியவர் வந்து நிற்பார், ஆர்ம் சர்வர் வரும், அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, யாரும் அதைப் படிக்க முடியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் லைப்ரரியில் நடந்தது நினைவிருக்கிறதா? 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளிலும் இருந்த பின்கதவின் பைனரி பகுதி ஒளிந்திருந்தது டெஸ்ட் ஃபைல்களில்தான். கம்ப்ரஷன் லைப்ரரியில் கெட்டுப்போன ஃபைல்கள் டெஸ்டுக்கு இருப்பது சகஜம் என்பதால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. எஸ்எஸ்எச் லாகின் மெதுவாக இருக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற ப்ரோகிராமர் தோண்டப்போய்த்தான் வெளியே வந்தது. ரிவ்யூவில் யாரும் திறந்து பார்க்க முடியாத பைனரியை டெஸ்ட் ஃபோல்டர் என்ற காரணத்துக்காக உள்ளே விடும் பழக்கமே எனக்குப் பிடிக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று சொல்வேன். ஈஎல்எஃப் (லினக்ஸ் பைனரிகளின் ஃபார்மட்) பார்சர் மாதிரி எதையாவது எழுதுகிறீர்கள், பழைய கம்பைலர் ஒன்று உமிழ்ந்த பைட்டுகள் அப்படியே வேண்டும் என்றால் வைக்கலாம். கூடவே சோர்ஸும், எந்தக் கம்பைலர், எந்த ஃப்ளாக் என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

#9 தறிநூல்

ஏரிக்கரை அக்கா சொன்னபடி ஒரே சி ப்ரோகிராம் ஆக்கிவிட்டேன். மேக் ஃபைல் முதலில் அதை பில்ட் செய்கிறது, அப்புறம்தான் "கோ டெஸ்ட்". தொங்கல் போய்விட்டது.

இப்போது வேறொன்று. மேனேஜர் ப்ரோகிராமின் பெயரை வைத்து லாக் எழுதுவதால், ஒவ்வொரு டெஸ்டும் அந்த பைனரியைத் தன் டெம்ப் ஃபோல்டருக்குள் வேறு பெயரில் காப்பி செய்துகொள்கிறது. டெஸ்டுகள் பேரலலாக ஓடும்போது எப்போதாவது ஒன்று "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று விழுகிறது. காப்பி முடித்து ஃபைலை க்ளோஸ் செய்த பிறகுதான் ஓட்டுகிறேன், கோடைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

#10 கொடிக்கால்

உங்கள் கோடு சரிதான். இது யுனிக்ஸின் பழைய ரேஸ் (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து வரும் பிழை), கோலாங் ப்ராஜெக்டில் 22315 என்ற இஷ்யூவாக 2017-இலிருந்து பேசப்படுகிறது.

விதி இது: ஒரு ஃபைலை யாராவது எழுதத் திறந்து வைத்திருக்கும்போது லினக்ஸ் அதை எக்ஸெக் செய்ய (ப்ரோகிராமாக ஓட்ட) விடாது. இப்போது நடப்பதைப் பாருங்கள். டெஸ்ட் ஏ தன் காப்பியை எழுதத் திறந்திருக்கிறது. அதே கணத்தில் டெஸ்ட் பி வேறொரு த்ரெட்டிலிருந்து தன் ஹெல்ப்பரைக் கிளப்ப ஃபோர்க் செய்கிறது (ப்ராசஸை நகலெடுத்துக் குழந்தை ப்ராசஸ் உண்டாக்குகிறது). ஃபோர்க் ஆன குழந்தைக்கு ஏ திறந்து வைத்திருந்த டிஸ்க்ரிப்டரின் நகலும் போய்விடும். க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி இருக்கிறதே என்பீர்கள். அது பெயருக்கேற்ப எக்ஸெக்கின்போதுதான் மூடும். ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் நகல் திறந்தே இருக்கிறது. அதற்குள் ஏ எழுதி முடித்து, தன் பக்கத்தை மூடி, எக்ஸெக் செய்தால், கெர்னல் கண்ணுக்கு ஃபைலை இன்னும் ஒருவர் எழுதத் திறந்து வைத்திருக்கிறார். பிஸி.

கம்பைலர் எழுதிய பைனரியை நேராக ஓட்டினால் இது வராது, எழுதியது வேறு ப்ராசஸ், அது முடிந்தே போய்விட்டது. உங்கள் டெஸ்ட் ப்ராசஸே எழுதுவதால்தான் வருகிறது. ஆகவே காப்பி செய்யாதீர்கள், லிங்க் செய்யுங்கள். ஹார்ட் லிங்கோ சிம்லிங்கோ, பெயர் மாறும், யாரும் எதையும் எழுத மாட்டார்கள். ஹார்ட் லிங்குக்கு இரண்டும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்க வேண்டும். சில இடங்களில் செய்வதுபோல எரர் வந்தால் கொஞ்சம் தூங்கிவிட்டு மறுபடி முயல்வது கடைசி வழி.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ஓட்டுபவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஆப்பிள் சிலிக்கனில் ஏற்கெனவே ஓடிய பைனரியின் மேலேயே புதியதைக் காப்பி செய்தால் "கில்ட் 9" என்று செத்துப்போகும், கெர்னல் பழைய பைனரியின் டிஜிட்டல் கையெழுத்தையே நினைவில் வைத்திருப்பதால். புது ஃபைலாக எழுதி ரீநேம் செய்தால் சரியாகிவிடும்.

#11 நெல்வயல்

சி ஹெல்ப்பர் என்றதும் சொல்லத் தோன்றியது. இதை அல்பைன் லினக்ஸ் கன்டெய்னருக்குள் ஓட்டுவீர்கள் என்றால் ஸ்டாட்டிக்காக (லைப்ரரிகளை பைனரிக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்யுங்கள். உபுண்டுவில் பில்ட் ஆன டைனமிக் பைனரி அல்பைனில் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று விழும். லிஸ்ட் போட்டால் ஃபைல் கண்ணெதிரே இருக்கும். இல்லாதது உங்கள் ஃபைல் இல்லை, அந்த பைனரி தேடும் லோடர், உபுண்டுவின் சி லைப்ரரியான ஜிலிப்சியோடு வருவது. அல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. கோலாங் ஹெல்ப்பருக்கு சிகோவை (சி கோடைச் சேர்க்கும் வசதி) 0 ஆக்கினால் போதும்.

டெம்ப் ஃபோல்டரை நோ-எக்ஸெக் ஆக மவுன்ட் செய்திருக்கும் சர்வர்களில் "பெர்மிஷன் டினைட்" வரும். அங்கே பைனரியைப் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் எங்காவது பில்ட் செய்வதுதான் வழி.

#12 ஏரிக்கரை

தறிநூல், சிக்டெர்மைக் கண்டுகொள்ளாத அந்த ஹெல்ப்பர் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? கிளப்பியதும் நேராகச் சிக்னல் அனுப்புகிறீர்களா?

#13 தறிநூல்

கிளப்பிவிட்டு 200 மில்லிசெகண்ட் ஸ்லீப், அப்புறம் சிக்டெர்ம் அக்கா.

#14 ஏரிக்கரை

அந்த ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். லோடு ஏறிய சிஐ மெஷினில் 200-க்குள் மெயினுக்கே வந்திருக்காது, சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லும் வரி ஓடுவதற்கு முன்பே சிக்டெர்ம் வந்து சாகடித்துவிடும். ஹெல்ப்பர் சிக்னல் வேலையை முடித்த பிறகு எஸ்டிடி-அவுட்டில் "ரெடி" என்று ஒரு வரி எழுதட்டும், சி என்றால் ஃப்ளஷ் செய்ய மறக்க வேண்டாம், பைப்புக்குப் போகும்போது அது பஃபரிலேயே தங்கிவிடும். டெஸ்ட் அந்த வரியைப் படித்த பிறகு சிக்னல் அனுப்பட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரியாக வரும், சீக்கிரம் ரெடியானால் சீக்கிரம் முடியும்.

அதே மாதிரி, ஹெல்ப்பர் தானாகச் சாகவும் தெரிந்திருக்க வேண்டும். சிக்டெர்மைக் கேட்காத ப்ராசஸ் எழுதிவிட்டு, டெஸ்ட் நடுவில் பேனிக் ஆகிப் போய்விட்டால் அதை யார் கொல்வது? சிஐ மெஷினில் அப்படிக் கிடக்கும் ப்ராசஸ்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எஸ்டிடி-இன்னுக்கு ஒரு பைப் கொடுத்து, ஹெல்ப்பர் அதைப் படித்துக்கொண்டே இருக்கட்டும். டெஸ்ட் ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் பைப் மூடும், படிப்பது முடியும், ஹெல்ப்பர் வெளியேறும். மேனேஜர் எஸ்டிடி-இன்னைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்றால் அலார்ம் 60 போட்டுவிடுங்கள் (60 நொடியில் தானே சாகும்), ஒரு வரிதான்.

#15 தறிநூல்

லிங்குக்கு மாற்றினேன், பிஸி எரர் அதன்பிறகு வரவில்லை. ரெடி வரியும் அலார்மும் சேர்த்தாகிவிட்டது.

விண்டோஸில் மட்டும் ஒன்று மிச்சம். டெஸ்ட் பாஸ் ஆன பிறகு டெம்ப் ஃபோல்டரை அழிக்க முடியவில்லை என்று ஃபெயில் ஆகிறது. அங்கே லிங்க் இல்லை, கோலாங் ஹெல்ப்பரை ஒவ்வொரு டெஸ்டின் ஃபோல்டருக்குள்ளேயே பில்ட் செய்கிறேன்.

#16 கொடிக்கால்

ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இ-யை விண்டோஸ் அழிக்க விடாது. டெம்ப் ஃபோல்டரை அழிக்கும் நேரத்தில் ஹெல்ப்பர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

க்ளீனப்கள் (டெஸ்ட் முடிந்ததும் ஓடும் துப்புரவு வேலைகள்) கடைசியில் பதிந்தது முதலில் என்ற வரிசையில் ஓடும். டெம்ப் ஃபோல்டர் தன் அழிப்பை, நீங்கள் அதை முதன்முதலாகக் கேட்கும்போது பதிந்துகொள்கிறது. அதனால் ஃபோல்டரை முதலில் கேளுங்கள், பிறகு ஹெல்ப்பரைக் கிளப்பி, உடனே அதைக் கொன்று வெயிட் செய்யும் க்ளீனப்பைப் பதியுங்கள். கில் மட்டும் போட்டுவிட்டு வெயிட்டை விட்டுவிடாதீர்கள், கில் திரும்பி வரும்போது ப்ராசஸ் இன்னும் முழுசாகப் போயிருக்காது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் பில்ட் செய்வதையும் நிறுத்தி, டெஸ்ட்மெயினில் ஒரே தடவை செய்துகொள்ளுங்கள்.

சிக்டெர்ம் டெஸ்டை அங்கே ஓட்டவே வேண்டாம். விண்டோஸில் கோலாங் இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பத் தெரிந்த ஒரே சிக்னல் கில். அந்த டெஸ்டைத் தனி ஃபைலில் வைத்து, முதல் வரியில் விண்டோஸ் இல்லாத இடங்களுக்கு மட்டும் என்று பில்ட் டேக் போட்டுவிடுங்கள். உங்கள் மேனேஜர் விண்டோஸில் எப்படி மரியாதையாக நிறுத்தச் சொல்லப்போகிறது என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கு வேறு ஹெல்ப்பர் எழுதலாம்.